செவத்தையா நலம்

தினமும் காலை ஆறேகாலுக்கு, என் புருஷன் நலமாக இருப்பதாக அரசாங்கம் எனக்குச் சொல்லிவிடும்.

எங்கள் ஊரில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு சின்னப் பெட்டியைப் பதித்திருக்கிறார்கள். அதற்குள்ளிருந்து ஒரு பெண் பேசுவாள். யார் பெற்ற பிள்ளையோ, ஒரு நாள்கூடத் தொண்டை கட்டாத குரல். "நெடுங்கரிசல், வடக்குத் தெரு, வீட்டு எண் பதினொன்று. உலகம்மாள், நலம். செவத்தையா, நலம்." அவ்வளவுதான். அதன் பிறகு அன்றைய காற்று நிலவரம். உலை கொதித்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி, அந்த நேரத்துக்கு நான் பெட்டிக்கு எதிரே போய் நின்றுவிடுவேன்.

அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. பெட்டி சொல்வது பொய் என்று எனக்குத் தெரியாதா என்ன? அந்தப் பொய்யைக் கட்டிவைத்தவளே நான்தான். ஆனாலும் அந்தப் பெயரை வேறு யாரும் என் காதுபடச் சொல்வதில்லை. கேட்க ஆசையாக இருக்கிறது, கேட்கிறேன்.

எங்கள் பூமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு எட்டியவரை தட்டையான கரிசல். கடல் சூடேறிப்போன பிறகு, பங்குனி பிறந்ததிலிருந்து ஆனி முடிகிறவரை இங்கே சுழி இறங்குகிறது. தெருவில் காகிதத்தைச் சுழற்றி விளையாடுகிற காற்று என்று நினைத்துவிட வேண்டாம். மேகத்திலிருந்து தரைவரை கறுப்பாக ஒரு தூண் நடந்து வரும். அது வந்த வழியில் பனைமரம் நிற்காது, மச்சு வீடு நிற்காது, கிணற்றுத் தண்ணீர்கூடக் கிணற்றில் நிற்காது. ஒரு வருஷம் எண்ணினேன், பதினாலு சுழி. ஒரு காலத்தில் முன்னூறு வீடு இருந்த ஊர் இது. பிழைக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். நாங்கள் சிலபேர் மிஞ்சினோம்.

அதற்காகத்தான் அரசாங்கம் கோபுரங்களைக் கட்டியது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, எங்கள் வாயில் அது நுழையவில்லை. ஒதுக்கி என்போம். கரிசல் நெடுகப் பன்னிரண்டு ஒதுக்கிகள் நிற்கின்றன. சுழியை நிறுத்த அவற்றால் ஆகாது. ஒரு பக்கத்துக் காற்றைச் சூடேற்றி, சுழியை மறுபக்கம் தள்ளிவிட முடியும். எந்தப் பக்கம் தள்ளுவது என்று எந்த மனுஷனும் முடிவு செய்வதில்லை. எந்த வழியில் தலைகள் குறைவோ, அந்த வழி. தலைகளை எண்ணத்தான் எங்கள் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. பட்டைக்கு உள்ளே உடம்புச் சூடும் நாடித் துடிப்பும் தெரிந்தால் ஓர் உயிர் என்று கணக்கு.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கூட்டம் போட்டுச் சொன்னபோது நானும் கை தட்டினேன். எங்கள் பக்கத்து ஒதுக்கி, எங்கள் ஊருக்கும் புளியோடைக்கும் நடுவில் நிற்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. புளியோடை நாலு மைல். இந்தப் பக்கம் வருகிற சுழி எங்களுக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு. முதல் இரண்டு வருஷம் எங்கள் தலைக்கணக்கு குறைவு. எல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்தது.

பிறகு பட்டாளத்துப் பரமசிவம் பெரியப்பா இறந்தார். அவர் பட்டையைக் கழற்றிய பேத்தி விளையாட்டாக ஓர் ஆட்டின் காலில் மாட்டிவிட்டாள். மறுநாள் காலை பெட்டி, "பரமசிவம், நலம்" என்றது. ஊரே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஊரே யோசித்தது. ஆட்டுக்கும் மனுஷனுக்கும் நாடி ஏறக்குறைய ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை. மூன்று வருஷத்தில் ஏழு பேர் சாகவில்லை.

புளியோடையில் மட்டும் சாவு விழ விழக் கணக்கு குறைந்தது. சுழி புளியோடைக்குப் போக ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "ஆட்ட வெச்சு ஊரக் காப்பாத்துதானுவ, வெக்கங்கெட்டவனுவ" என்று சோறு தின்னும்போதெல்லாம் சொல்வார். போய்ச் சொல்லிக் கொடுக்கவும் மாட்டார். சொந்த ஊரல்லவா. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். புளியோடையில் சுழி இறங்கிய சேதி வந்ததும், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிடுவார். "நம்ம மேல விழ வேண்டியது அங்க விழுந்திருக்கு. போயி எட்டிக்கூடப் பாக்கலன்னா என்ன மனுசன்?" என்பார். அவர் போவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போவார்கள். இடிபாட்டைத் தோண்டி ஆளை எடுத்துவிட்டு, மறுநாள் புழுதியோடு வந்து நிற்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கூடவே பெருமையும் வரும். பெருமையை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.

போன வைகாசியில் அப்படிப் போனவர்தான். ஒரு வீட்டைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, நின்றுகொண்டிருந்த பக்கத்துச் சுவர் அவர்மேல் சாய்ந்துவிட்டது. கூடப் போன எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் ஊருக்கு அந்தக் கடைசியில் இருந்தார்கள். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. "உசிரு இருக்கு, உசிரு இருக்கு" என்று கத்திக்கொண்டே குட்டி லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அப்படிக் கத்தியது புளியோடைக்காரர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக.

லாரி என் வாசலில் நின்றபோது, ஊர்த்தலைவர் சங்கரவேல் அண்ணாச்சி எனக்கு முன்னால் கைகூப்பி நின்றார். "தங்கச்சி, ஒரு தல கொறஞ்சாலும் அடுத்த சுழி நமக்குத்தான். பட்டை ஆறிரக் கூடாது" என்றார். நான் என் வீட்டுக்காரர் கையிலிருந்து பட்டையைக் கழற்றி, எங்கள் கிடாவின் முன்னங்காலில் கட்டினேன். மேலே ஒரு துணியையும் சுற்றினேன்.

விடிவதற்கு முன்னால் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். கொட்டு இல்லை, சங்கு இல்லை, யாரும் அழவில்லை. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் வெளியே கேட்டால் சொந்தக்காரர்கள் வருவார்கள், சேதி பரவும், அதிகாரிகள் வருவார்கள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அழுவதற்கு இருந்தவள் நான் ஒருத்தி. அந்த ஒருத்தியும் பொட்டு வைத்துக்கொண்டு, தாலியும் கழுத்துமாக மறுநாள் களையெடுக்கப் போனேன். பொட்டை அழிக்க எனக்கு ஒன்றும் ஆசையில்லை. அழத்தான் ஆசை. ஒரே ஒரு தடவை, தொண்டை கிழிகிற மாதிரி.

இன்னோர் ஆசையும் உண்டு. சுவருக்கு அடியில் அவர் எவ்வளவு நேரம் கிடந்தார்? வலித்ததா? தண்ணீர் கேட்டாரா? என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? பார்த்தவர்கள் புளியோடைக்காரர்கள் மட்டும்தான். அவர்களிடம் கேட்டால் அவர் செத்துவிட்டதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அவர்கள் வருகிற சந்தைக்குக்கூடப் போவதை விட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவரின் கடைசிப் பேச்சு நாலு மைல் தூரத்தில் யாரோ ஒருவர் மனசில் கிடந்தது. எனக்கு அதைப் போய் வாங்க வழியில்லை.

தை மாதம் பதினெட்டாம் தேதி சரிபார்ப்பு அதிகாரி வந்தார். பங்குனிக்கு முன்னால் வருஷாவருஷம் யாராவது வருவார்கள். சங்கரவேல் அண்ணாச்சி வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள். இவர் புதிய ஆள். பீர்முகமது என்று பெயர், மேலப்பாளையம். ஐம்பது வயதிருக்கும், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிற உடம்பு. ஆனால் கோழிக்குழம்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு வீடாக நடந்தார். கையில் சிலேட்டு மாதிரி ஒரு திரை.

"செவத்தையாவப் பாக்கணும்க்கா."

"காட்டுக்குப் போயிருக்காவ சார்."

அவர் திரையைப் பார்த்தார். "இல்லையே. இந்த வேலிக்குள்ளதான் நிக்காரு. ஒங்களுக்குப் பின்னாடி, பத்தடில."

திரும்பிப் பார்த்தேன். கிடா முன்னங்கால்களைத் தூக்கி முருங்கைமரத்தில் வைத்துக்கொண்டு, ஆற அமரக் கொழுந்தைத் தின்றுகொண்டிருந்தது. காலில் சுற்றிய துணி நழுவிப் பட்டை வெயிலில் மின்னியது. இதுவரை ஊரில் எத்தனையோ பேர் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். "மைனி, அண்ணாச்சி வேலியத் தாண்டிட்டாவ" என்று கத்துவார்கள். நானும் அந்த ஆட்டை ஏ, டேய் என்று விரட்டியதில்லை. "வாங்க, இங்கிட்டு வாங்க" என்றுதான் ஓட்டுவேன். அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை.

பீர்முகமது சார் கோபப்படவில்லை. வாசலில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நாடியெல்லாம் கச்சிதமாத்தான் இருக்குக்கா. அதுல ஒங்க ஊர யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஆனா அபாயச் சங்கு ஊதுனா முப்பத்திநாலு பேரு பதுங்குகுழிக்கு ஓடுதாங்க. ஏழு பேரு மட்டும் காட்டுல மேஞ்சுக்கிட்டே இருக்காங்க. போன ஆனில சுழி வந்தப்ப, ஒங்க வீட்டுக்காரரு ஓட மேட்டுல ஒரே எடத்துல அரை மணி நேரம் நின்னுருக்காரு. எனக்கே பயமாப் போச்சு, யாருடா இந்த வீரன்னு."

எங்களுக்குக் குழிக்குள் இடம் போதாது. ஆட்டையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆடு ஆடாகத்தானே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

"எல்லாம் அதுல பதிஞ்சிருக்கா சார்?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு. நேத்து நாலு கிலோமீட்டர் நடந்திருக்காரு. காலைல ஓடப் பக்கம். பதினோரு மணிக்குக் கெணத்தடி. மத்தியானம் இந்த மரத்தடில ஒரு மணி நேரம் படுத்திருக்காரு."

அவர் உயிரோடு இருந்தபோதும் மத்தியானம் அங்கேதான் படுப்பார், துண்டை விரித்து, வாயைத் திறந்துகொண்டு. "இன்னும் கொஞ்சம் வாசிங்க சார்" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். ஆனால் வாசித்தார். திங்கள்கிழமை, செவ்வாய்க்கிழமை, மழை பெய்த நாளில் தொழுவத்தை விட்டு அசையாதது, பொங்கலன்று தெருமுனைவரை ஓடியது. ஆட்டின் கதைதான். தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க அவர் எங்கேயோ நடந்துகொண்டுதான் இருக்கிறார் என்று இருந்தது.

வாசிப்பை நிறுத்திவிட்டு அதிகாரி சொன்னார்: "அக்கா, இது நடந்துக்கிட்டு இருக்கதுனால புளியோடைல ஆனி மாசம் ரெண்டு சுழி. பதினாலு வீடு போச்சு. ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்." தெரியாமல் என்ன. எந்த ஊர் மண்ணைத் தோண்டும்போது அவர் உயிரைவிட்டாரோ, அந்த ஊர் மேலேயே அவர் பெயரைக் கொண்டு சுழியை ஏவிவிட்டவள் நான். இதை எட்டு மாதமாக ஒரு நாள்கூட மறந்ததில்லை.

"இப்ப அவுக இல்லன்னு நான் சொல்லிட்டா என்ன ஆகும் சார்? சுழி எங்களுக்கு வந்துரும், அதானே?"

"யாரு சொன்னா? இப்ப ஒங்க ஊரு நாப்பத்தொண்ணு, புளியோடை நாப்பது. ஒண்ணு கொறஞ்சா சமமாயிரும். சமமா இருந்தா ஒதுக்கி வேலை செய்யாது. எந்தப் பக்கம் தள்ளன்னு அதுக்குத் தெரியாது, சும்மா நிக்கும்."

"அப்ப யாரு தலைல விழும்?"

"காத்து எங்க போகணும்னு நெனைக்கோ, அங்க."

"அந்தக் காலத்துல மாதிரி?"

"அந்தக் காலத்துல மாதிரி." அவர் திரையை மடியில் கவிழ்த்துவைத்தார். "நான் இந்த ஒரு ஆட்டத்தான் பாத்தேன். மத்ததுக பக்கம் எனக்கு இன்னிக்கு நடக்க முடியல, முட்டு வலி. இதையும் நீங்க ஒங்க வாயால சொன்னாத்தான் எழுதுவேன். பிடிச்சுக்குடுக்க வரல நான்."

இதற்குள் சங்கரவேல் அண்ணாச்சிக்கு ஆள் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகவேகமாக வந்தார். சமமானால் ஒதுக்கி சும்மா நிற்கும் என்று அதிகாரி அவரிடமும் சொன்னார். அண்ணாச்சி என்னைத் தனியாக வேலி ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

"எம் பேத்தி ரெண்டும் இங்கதான் இருக்கு உலகு. ஒனக்கு அழணும். எனக்கு அதுகள வளக்கணும்."

"எட்டு மாசமா ஒங்க பேத்திகளுக்காகத்தான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. இதுக்கு மேல எனக்கு முடியாது. அவுக சோத்துல கை வச்சுக்கிட்டு என்ன சொல்லுவாகன்னு ஒங்களுக்குத் தெரியும். அந்த மனுசன் பேர வெச்சே செஞ்சிட்டோம்."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஊரைக் கட்டி மேய்ப்பவனுக்கு வருகிற கஷ்டம் அவருக்கு. கடைசியில், "சரி, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. சத்தம் மட்டும் வேண்டாம் தாயீ. சத்தம் வந்தா ஒண்ணோட நிக்காது" என்றார். நான் தலையாட்டினேன். உண்மையாகவே சத்தம் போடக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

பீர்முகமது சார் திரையை என் பக்கம் நீட்டினார். "வாய்மொழியாப் பதியணும்க்கா. இறந்தவரு பேரு, ஒங்களுக்கு என்ன உறவு, என்னிக்கி இறந்தாரு. மூணே மூணுதான். சொல்லுங்க."

பெயர்.

புருஷன் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் காட்டுவேன். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் அப்படித்தான். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சீண்டுவார். ஒரு தடவை சொல்லேன் உலகு, காது குளிரக் கேக்கேன் என்பார். போங்க அங்கிட்டு என்பேன். இப்போது அதிகாரி காத்திருந்தார். அண்ணாச்சி காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"செவத்தையா" என்றேன்.

அந்தப் பெயர் என் குரலில் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அடுத்த கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. அதை அடக்க முந்தானை போதவில்லை. மண்ணில் விழுந்து, மாரில் அடித்துக்கொண்டு பாடிவிட்டேன்.

"ஊரார் சொவரெடுக்க ஓடோடிப் போனவரே,
எஞ்சொவரு சாஞ்சதுக்கு யாரு வந்து தோண்டுவாக?"

ஒரு வீட்டில் ஒப்பாரி எழுந்தால், காதில் விழுந்த பெண் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாக வேண்டும். வந்து தோள் பிடித்து உட்கார்ந்தால், தன் வீட்டில் செத்துப்போனவரைச் சொல்லி அழுவாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அழுகிறோம் என்பது பேருக்குத்தான். இது யாரும் சொல்லித்தந்த சட்டமில்லை. முதலில் மகராசி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, பாம்பு கடித்துப் போன தன் தம்பியைச் சொல்லி அழுதாள். அவன் போய் ஒன்றரை வருஷம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்தவள். அவளுக்குப் பின்னால் பட்டாளத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், "எங்கப்பா, எங்கப்பா" என்று. பிறகு அந்தத் தெருவே வந்தது. அழுதவர்கள் எழுந்துபோய் அவரவர் ஆட்டைப் பிடித்து வந்து, பட்டையை அறுத்து அதிகாரி காலடியில் போட்டார்கள். அவர் தலையில் கைக்குட்டையை விரித்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார், தனக்குள் ஏதோ ஓதினார். திரையில் நாற்பது என்று இருந்தது. முப்பத்தொன்பது ஆனது. முப்பத்தேழு ஆனது. முப்பத்தைந்து.

கடைசிப் பட்டையைக் கொண்டுவந்தவர் சங்கரவேல் அண்ணாச்சி. அது கோமதி மைனியுடையது, அவர் மனைவி. இரண்டு வருஷமாக அவர் வீட்டுப் பெட்டியும் காலையில் ஏதோ சொல்லிக்கொண்டுதானே இருந்திருக்கும். பட்டையைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஆண்பிள்ளை என்று பார்க்காமல் விம்மினார்.

முப்பத்திநாலு.

சமம் என்று கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். துக்கத்துக்கு அப்படி அளவு வைக்கத் தெரியவில்லை. இந்தப் பங்குனியிலிருந்து சுழி எங்களுக்குத்தான்.

அழுது ஓய்ந்தபிறகு நான் அண்ணாச்சியிடம் சொன்னேன், "புளியோடைக்குத் துட்டி சொல்லி ஆள் போகணும்." சாவு வீட்டிலிருந்து ஆள் போய்ச் சேதி சொன்னால்தான் அடுத்த ஊர்க்காரர்கள் துக்கம் கேட்க வருவார்கள். துட்டி சொல்வது என்போம். அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. "அவங்க மூஞ்சில எப்படித் தாயீ முழிப்பேன்? கல்லெடுத்து எறிவாங்க."

"எறியட்டும்."

அவரே பைக்கில் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். என்ன சொன்னார்கள் என்று கேட்டோம். "ஒண்ணும் சொல்லல. வாரோம்னாங்க" என்றார். அவ்வளவுதானா என்று கேட்டோம். அவ்வளவுதான் என்றார்.

வெயில் தாழ்ந்தபோது இரண்டு டிராக்டரில் வந்தார்கள். ஆண்கள் மாலையோடு வந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் எரித்த மனுஷனுக்கு மாலை. பெண்கள் ஊர் எல்லையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், புளியோடையில் நடக்க முடிந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லை. நாங்கள் ஆள் ஆளுக்குச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றோம். யாரும் எங்களைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

முன்னால் வந்தவள் என் வயதுக்காரி. சண்முகவடிவு என்று பெயர் சொன்னாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வைகாசில ஒங்க வீட்டு அண்ணாச்சி தோண்டுனது எங்க வீட்டத்தான் மைனி. எம் மகள வெளிய எடுத்துக் குடுத்துட்டுத் திரும்புனாவ, அப்பத்தான் பக்கத்துச் சொவரு விழுந்துச்சு."

"எங்க ஆளுக அன்னிக்கு..." என்று இழுத்தேன். எப்படி ஒப்புக்கொள்வது என்று தெரியவில்லை.

"உசிரு இருக்குன்னு கத்திக்கிட்டே தூக்கிட்டுப் போனாங்க. நாங்களும் ஆமா ஆமான்னோம். அண்ணாச்சி கண்ண மூடிவிட்டதே நான்தான் மைனி."

சங்கரவேல் அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா?" என்றேன். "ஒரு காயிதம் எழுதிப் போட்டிருந்தா ஒங்களுக்கு ஆனில அந்த ரெண்டு சுழியும் வந்திருக்காதே."

"எழுதணும்னு எங்க ஊர்லயும் நாலு பேரு குதிச்சாங்க. வீடு போனவனுக்குக் கோவம் வராதா? பெரிய சண்டை. நான்தான் குறுக்க நின்னேன். சாவுச் சேதி சாவு வீட்டுலேர்ந்துதான் வரணும். பொண்டாட்டி அழுகதுக்கு முன்னால அடுத்தவன் போயி அவரு செத்துட்டாருன்னு எழுதலாமா? அதுவும் அவருக்கு? எப்ப ஆள் வரும் எப்ப ஆள் வரும்னுதான் மைனி பாத்துக்கிட்டு இருந்தோம்." முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "இனிமே சுழி இங்கதான வரும். வரட்டும். நாலு மைலு என்ன தூரம்? எங்க வீட்டுலயும் கடப்பாரை இருக்கு."

பின்னால் பெண்கள் மறுபடியும் அழ ஆரம்பித்தார்கள். நான் அழவில்லை. எட்டு மாதமாகக் கேட்க ஏங்கிய கேள்வி ஒன்றுதான் பாக்கி. கேட்கவும் பயமாக இருந்தது.

"கடைசியா ஏதும் பேசுனாவளா?"

அழுகைக்கு நடுவில் அவள் உதட்டோரத்தில் சின்னதாகச் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது. "சொன்னாக் கோவப்படக் கூடாது மைனி."

"படமாட்டேன். சொல்லுங்க."

"வலிக்குன்னு சொல்லல. இடுப்புவரைக்கும் சொவரு. தல மட்டும் எம் மடில இருந்துச்சு. மூக்குக்கண்ணாடியக் காணும்னு கையால மண்ணத் தடவிக்கிட்டே இருந்தாவ. 'புதுசும்மா, மூணாவது கண்ணாடி. இதையும் ஒடச்சிட்டு வந்தேன்னு தெரிஞ்சா எம் பொண்டாட்டி என்னையக் கொன்னே போட்ருவா. கொஞ்சம் தேடிக் குடு'ன்னாவ. மண்ண வெலக்கித் தேடுனேன். பக்கத்துலதான் கெடந்துச்சு. 'கெடச்சிருச்சு அண்ணாச்சி, ஒடயல'ன்னு கண்ணுக்கு நேரா காட்டுனேன். 'அப்பாடா'ன்னாவ. அவ்வளவுதான் மைனி."

நான் ஒன்றும் கொன்றிருக்க மாட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான்.